கேம்பஸ்ல கருத்து சொல்ல என்னென்ன வேணும்?

"காலேஜுக்குப் படிக்கத்தானே வந்தோம், அரசியல் எதுக்கு?" முதல் செமஸ்டர் முடிவதற்குள் இந்தக் கேள்வியை எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். வீட்டில் கேட்பார்கள், எச்ஓடி கேட்பார், பக்கத்து பெஞ்ச் நண்பனும் கேட்பான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் காலையில் இட ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்து கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் ஒரு மீம் வந்தால் அது ஜோக். மாலையில் அதற்குப் பதிலாக யாராவது நாலு வரி எழுதினால், "குரூப்ல அரசியல் வேண்டாம் பிளீஸ்" என்று அட்மின் வந்துவிடுவார். எது அரசியல், எது ஜோக் என்பதை யாருங்க முடிவு பண்றாங்க?

இதைப் பொதுவாகப் பேசினால் பட்டிமன்றம் ஆகிவிடும். அதனால் நிஜமாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடம் சென்னை ஐஐடி, வருடம் 2015. நம்மில் நிறைய பேர் அப்போது சின்ன கிளாஸில் இருந்திருப்போம், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். அன்று ஐஐடி மாணவர்கள் சிலர் சேர்ந்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஏபிஎஸ்சி. கூட்டம் நடத்தினார்கள், துண்டறிக்கை அடித்தார்கள், வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். சாதி, மாட்டிறைச்சித் தடை, தொழிலாளர் சட்டத் திருத்தம், இந்தித் திணிப்பு என்று பேசினார்கள். தமிழ்நாட்டில் டீக்கடையில் தினமும் பேசுகிற விஷயங்கள்தான். ஐஐடி வளாகத்துக்குள் பேசியதுதான் புதுசு.

ஒரு வருடம் ஆனது. 2015 ஏப்ரல் 14 அன்று ஆந்திராவின் குப்பத்தில் இருக்கும் திராவிடப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இன்றைக்கு அம்பேத்கர் ஏன் தேவை என்று பேசினார். அதையொட்டி ஒரு துண்டறிக்கை வந்தது. அதில் மத்திய அரசு மீது விமர்சனம் இருந்தது. அதற்குப் பிறகு டெல்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் பெயர் போடாத ஒரு புகார் போனது. இந்த அமைப்பு பிரதமருக்கு எதிராகவும் இந்துக்களுக்கு எதிராகவும் வெறுப்பைப் பரப்புகிறது, எஸ்சி எஸ்டி மாணவர்களைத் திசை திருப்புகிறது என்பது புகார். அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. மே 22 அன்று மாணவர் நலப் பிரிவு டீனிடமிருந்து ஏபிஎஸ்சிக்கு ஒரு மெயில் வந்தது. சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் உங்கள் அமைப்பின் அங்கீகாரம் ரத்து என்றது அந்த மெயில்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். யாரையும் கைது செய்யவில்லை, யாருடைய பட்டமும் போகவில்லை. "அங்கீகாரம்தானே போச்சு, வாயையா கட்டிட்டாங்க? மரத்தடியில உட்கார்ந்து பேசிக்க வேண்டியதுதானே" என்று அப்போதே சிலர் கேட்டார்கள்.

அங்கீகாரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் காலேஜில் ஏதாவது ஒரு கிளப்பில் பொறுப்பில் இருந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். செமினார் ஹால் வேண்டுமென்றால் லெட்டர்பேடில் எழுத வேண்டும். லெட்டர்பேட் அங்கீகாரம் பெற்ற கிளப்புக்குத்தான். நோட்டீஸ் போர்டில் ஒட்ட சீல் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் பேச வர வேண்டுமென்றால், கேட்டில் செக்யூரிட்டி கையில் அவர் பெயர் இருக்க வேண்டும். எல்லா மாணவர்களுக்கும் போகிற மெயில் லிஸ்டில் அனுப்ப ஒரு ஆசிரியர் கையெழுத்து வேண்டும். மைக், புரொஜக்டர், பட்ஜெட், ஓடி என்று எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. கருத்து மனசிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் அது இன்னொருத்தர் காதுக்குப் போக ஒரு ஹால் வேண்டும், ஹாலின் சாவி ஆபீஸில் இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்தால் ஏற்கெனவே நம்மோடு ஒத்துப்போகிற பத்துப் பேர்தான் வருவார்கள். ஒத்துப்போகாத நூறு பேர் வர வேண்டுமென்றால் நோட்டீஸ் போர்டு வேண்டும்.

ஐஐடி நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கருத்துச் சுதந்திரத்தில் நாங்கள் கை வைக்கவில்லை, மாணவர் அமைப்புகள் அனுமதியில்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருக்கிறது, அதை மீறினார்கள், அவ்வளவுதான் என்றது நிர்வாகம். இப்படி ஒரு விதி இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஐஐடி பெயரைப் போட்டு நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று எந்த நிறுவனமும் விடாது.

ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது. முடிவு எடுக்கும் முன்பு எங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். இரண்டாவது, புகார் கொடுத்தவருக்குப் பெயரே இல்லை. அரசு ஊழியர் மீது பெயரில்லாத புகார் வந்தால் அதன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பல வருடமாகச் சொல்லிவரும் நடைமுறை. மாணவனுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை. மூன்றாவது, அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரிலும் ஒரு படிப்பு வட்டம் இருந்தது. அது இருப்பது நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் ஒருவர் பெயரில் படித்தால் ஆன்மிகம், பண்பாடு. இன்னொருவர் பெயரில் படித்தால் அரசியல் என்று எப்படி ஆகிறது? இரண்டு பேருமே சமூகத்தைப் பற்றித்தானே பேசினார்கள்!

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். மே கடைசியில் செய்தி வெளியே வந்தது. சென்னையில் ஐஐடி வாசலில் போராட்டம், டெல்லியில் போராட்டம், கட்சித் தலைவர்களின் அறிக்கைகள், டிவி விவாதங்கள். தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையமும் விளக்கம் கேட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. மெயில் வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் பதினாறு நாள். ஒரு வருடமாகத் துண்டறிக்கை கொடுத்தும் கிடைக்காத விளம்பரத்தை ஒரே மெயிலில் டீன் ஆபீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு வெளியே பெரியார் பெயரை உச்சரிக்கவே தடுமாறுகிற ஊர்களில்கூட அம்பேத்கர் பெரியார் பெயரில் வட்டங்கள் முளைத்தன. பம்பாய் ஐஐடியில் மராட்டியத்தின் பூலே பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சென்னைக் கதை இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டு அதோடு நிறுத்த முடியாது. எட்டே மாதத்தில் ஹைதராபாத் வந்தது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா பிஎச்டி மாணவர். அம்மா தையல் வேலை பார்த்துப் படிக்க வைத்த பிள்ளை. அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்தார். 2015 ஆகஸ்டில் அந்தச் சங்கத்துக்கும் ஏபிவிபிக்கும் தகராறு வந்தது. யார் யாரை அடித்தார்கள் என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு கதை சொன்னார்கள். இதிலும் டெல்லிக்கு ஒரு கடிதம் போனது. இந்த முறை பெயர் இருந்தது, மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா. அவர் அதே மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு எழுத, அமைச்சகம் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து கடிதம் அனுப்பியது. டிசம்பரில் ஐந்து ஆய்வு மாணவர்களை ஹாஸ்டலிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கி வைத்தார்கள். ஜனவரியில் அந்த ஐந்து பேரும் பாய் தலையணையோடு வெளியே வந்து வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட குடியிருப்பு என்று அர்த்தம். நாம் சேரி என்று சொல்வதுதான். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் உயிரை விட்டார். விட்டுப்போன கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரவேண்டியிருக்கிறது, அதை வீட்டுக்குச் சேர்த்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் உண்மையிலேயே எஸ்சிதானா என்று பல வருடம் சர்ச்சை ஓடியது. 2024-ல் போலீஸ் வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தபோதும் அந்தச் சர்ச்சைதான் முன்னால் நின்றது. எதிர்ப்பு எழுந்ததும் மறுவிசாரணை நடத்துவோம் என்றார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்க்கச் சொல்வது அந்தத் தொகையை.

சென்னையில் அங்கீகாரத்தின் மேல் கை வைத்தார்கள். ஹைதராபாத்தில் ரூம் போனது, அந்த நேரத்தில் உதவித்தொகையும் கைக்கு வந்து சேரவில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியே போ என்றால், ஊரில் சொந்த வீடும் கையில் காசும் இருப்பவர் வெளியே ஒரு பிஜி பார்த்துக்கொள்வார். அப்பா போன் பண்ணித் திட்டுவார், அவ்வளவுதான். உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புகிற மாணவருக்கு அதே தண்டனை அதே தண்டனையாக இருக்காது. சமூகநீதி பற்றிப் பேசுகிற குழுக்களில் யார் அதிகம் இருப்பார்கள்? அதே உதவித்தொகையை நம்பிப் படிக்கிறவர்கள்தான். அதனால்தான் நடுநிலையான விதிகூட இவர்கள் மேல் விழும்போது மட்டும் கனமாக விழுகிறது.

இதை நம்ம காலேஜ் அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். பேசினால் நாம் என்ன இழப்போம்? ரெகுலேஷன் 2021-ல் தியரி பேப்பருக்கே 40 மார்க் இன்டர்னல். போனஃபைட் சர்ட்டிபிகேட், ஸ்காலர்ஷிப் பாரத்தில் கையெழுத்து, ஹாஸ்டல் அவுட்பாஸ், பிளேஸ்மென்ட் செல்லின் லிஸ்ட் எல்லாமே யாரோ ஒருவர் மேஜையில் இருக்கிறது. யாரும் மிரட்ட வேண்டியதில்லை. "பாத்துக்கோப்பா, ஃபைனல் இயர்" என்று ஒரு சார் அக்கறையோடு சொன்னாலே போதும். சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கிறது, முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ் சலுகை இருக்கிறது. இரண்டும் பெரிய திட்டங்கள், அவை இல்லாவிட்டால் நம்மில் பலர் இங்கே இருக்க மாட்டோம். ஆனால் பணம் தாமதமாக வரும் ஒவ்வொரு வருடமும் ஹால் டிக்கெட் வாங்க ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? அந்த ஜன்னலில் நிற்பவர் நோட்டீஸ் போர்டில் கட்டுரை ஒட்ட யோசிக்கத்தான் செய்வார்.

இன்னொரு விதத்திலும் இந்த விவாதம் சமமாக நடப்பதில்லை. ஹாஸ்டலில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் ஒரு பக்கம் 'பாலிசி' பற்றிப் பேசும். இன்னொரு பக்கம் பேச வாய் திறந்ததும், "உன் கட்ஆஃப் எவ்ளோ? எந்த கோட்டா?" என்று கேள்வி வரும். அதாவது பேச வேண்டுமென்றால் முதலில் தன் சாதியைச் சொல்ல வேண்டும். அதுவரை நல்லா பழகிட்டு இருந்த ரூம்மேட் அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பான் என்று தெரியாது. அதனாலேயே பல பேர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள். மௌனமாக இருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்குக் கருத்து இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

(அந்த விவாதங்களில் அடிக்கடி வரும் ஒரு தவறான தகவலையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 சதவீதம்: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. மீதி 31 ஓசி. ஓசி என்றால் எஃப்சிக்கு ஒதுக்கியது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லீங்க. அது பொதுப் போட்டி. ரேங்க் இருந்தால் யாரும் அதில் வரலாம், எஸ்சி எஸ்டி மாணவர்களும் வருகிறார்கள். கவுன்சலிங் அட்டவணையைத் திறந்து பார்த்தால் ரெண்டு நிமிஷத்தில் தெரியும்.)

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 19-வது பிரிவு பேச்சுரிமையும் தருகிறது, சங்கம் அமைக்கும் உரிமையும் தருகிறது. ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி எல்லாம் சட்டத்தின் பார்வையில் 'அரசு' என்ற வரையறைக்குள் வரும். அதனால் அங்கே மாணவர்கள் இந்த உரிமையைச் சொல்லி வாதாடலாம். சுயநிதிக் கல்லூரிகளோ சாதாரணமாக அந்த வரையறைக்குள் வராது. தமிழ்நாட்டில் பெரும்பாலான பொறியியல் மாணவர்கள் படிப்பது அங்கேதான். ஐஐடி மாணவர்கள் பதினாறு நாளில் ஜெயித்ததை எல்லா இடத்திலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம். ஐஐடி என்றால் நேஷனல் மீடியா வரும். பைபாஸ் ரோட்டில் இருக்கும் காலேஜ் வாசலுக்கு யார் வருவார்கள்?

மாணவர் தேர்தல் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு போட்டு, அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னது. கல்லூரிகளில் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுப்பதுதான் அதன் அடிப்படை. செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, இளநிலை மாணவராக இருந்தால் வயது 17 முதல் 22, அட்டென்டன்ஸ் 75 சதவீதம், போட்டியிடும் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது. (கடைசி விதியிலேயே நம்ம டிபார்ட்மென்டில் பாதிப்பேர் அவுட்.) இருபது வருடம் ஆகப்போகிறது, ஆனால் நம்மில் எத்தனை பேர் காலேஜில் ஓட்டுப் போட்டிருக்கிறோம்? கிளாஸ் ரெப்பை அட்வைசர் கை காட்டுவார், அவர்தான் ரெப். 1965 மொழிப்போரில் கல்லூரி மாணவர்கள் முன்னால் நின்ற மாநிலம் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது அந்த ஜனவரியில்தான். 2013-ல் ஈழப் பிரச்சினைக்காக லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு "மாணவர்களுக்கு எதுக்கு அரசியல்" என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நமக்குக் கையில் கிடைக்கும் ஒரு கருவி, பலருக்கும் தெரியாதது, யுஜிசி 2012-ல் வெளியிட்ட சமத்துவ ஒழுங்குமுறை. இதன்படி கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும், பாகுபாட்டைத் தடுக்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும், புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். எதெல்லாம் பாகுபாடு என்ற பட்டியலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வகுப்பில் மாணவர்களின் சாதியைச் சத்தமாக அறிவிப்பது, ரிசர்வ்டு கேட்டகரி என்று முத்திரை குத்துவது, மார்க் குறைந்ததற்குச் சாதியைக் காரணமாகச் சொல்வது, ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் பிரித்து வைப்பது எல்லாம் அதில் வருகிறது. இப்போது நினைத்துப் பாருங்கள். "எஸ்சி ஸ்காலர்ஷிப் பாரம் இன்னும் கொடுக்காதவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று கிளாஸில் சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்போம்? சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் அது அந்தப் பட்டியலில் இருக்கும் விஷயம்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. ஐஐடிக்கள் தனிச் சட்டத்தின் கீழ் இருப்பதால் அவை யுஜிசி வரம்புக்குள் வராது. வருகிற கல்லூரிகளிலும் பல இடத்தில் இது காகிதத்தோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ரோஹித்தின் அம்மா ராதிகா வெமுலாவும், 2019-ல் மும்பையில் மகள் பாயல் தட்வியை இழந்த ஆபிதா தட்வியும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாயல் மருத்துவ மேற்படிப்பு மாணவி, பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர். இருக்கிற ஒழுங்குமுறையை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்பதுதான் இரண்டு அம்மாக்களும் கேட்டது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் 2025 பிப்ரவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டது.

உங்கள் கல்லூரி இணையதளத்துக்குப் போய் சமவாய்ப்பு மையம் என்று தேடிப் பாருங்கள். ஆன்டி ராகிங் கமிட்டி கண்டிப்பாக இருக்கும், போன் நம்பரோடு. இதற்கு ஒரு பெயராவது இருக்கிறதா, அந்தப் பெயருக்குரியவர் இன்னும் அந்தக் கல்லூரியில்தான் வேலை பார்க்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் நேராகக் கல்லூரிக்கே எழுதலாம். தனியார் என்றால் இணைப்பு கொடுத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அவர்களிடம் இருக்கும் விவரத்தைக் கேட்கலாம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம், மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் கல்லூரி முகவரிக்கு வருவது சங்கடமாக இருந்தால் வீட்டு முகவரியைப் போடுங்கள். ஃபைனல் இயர் அண்ணன், அக்கா யாராவது பாஸ் ஆகி வெளியே போயிருந்தால் அவர்கள் பெயரில் போடுவது இன்னும் நல்லது. அவர்களுக்கு இன்டர்னல் கிடையாது.